எத்தனை மூட்டை, எவ்வளவு இலை

கோத்தகிரி கடைத்தெருவை ஒட்டிய ஒரு மாடி அறையில் மாலை வேளைகளில் பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். பள்ளிப் பிள்ளைகள் கிடையாது. சுற்றுலா வண்டி ஓட்டும் அண்ணன்கள், ஹோம்ஸ்டேயில் சமையலும் அறைகளும் பார்த்துக்கொள்ளும் அக்காக்கள், சாக்லேட் கடையில் நிற்கும் பெண்கள், பச்சை இலை எடை போடுகிற இடத்தில் கணக்கு எழுதும் தம்பிகள் என்று பலதரப்பட்டவர்கள் வருகிறார்கள். வீட்டில் படுகர்களின் மொழியான படுகு பேசுகிறவர்கள் உண்டு. இலங்கையிலிருந்து திரும்பி வந்து தேயிலைத் தோட்டங்களில் குடியேறிய குடும்பங்களின் பேரப்பிள்ளைகளும் உண்டு. எல்லோரும் பள்ளியில் ஆங்கிலம் படித்தவர்கள்தான். நேற்று நடந்ததையும் நாளை நடக்கப்போவதையும் ஓரளவு சரியாகவே சொல்லிவிடுகிறார்கள். தடுமாறுவது அளவுச் சொற்களில்: மச், மெனி, லிட்டில், ஃபியூ, லெஸ். அதிலும் எண்ண முடியாத பொருள்களுக்கு முன்னால் இவற்றைப் போடும்போதுதான் சிக்கல்.

இது சின்ன விஷயம் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மலையில் பிழைப்பு நடத்துகிறவர் வாயில் நாள் முழுக்க வருபவை எண்ண முடியாத பொருள்கள்தான். தண்ணீர், மழை, மேகமூட்டம், டிராஃபிக், லக்கேஜ், தேயிலை, தேன், தைலம், பால், வேலை, பணம். காலத்தைத் தப்பாகச் சொன்னால் கேட்கிறவர் தானே சரிசெய்து புரிந்துகொள்வார். அளவைத் தப்பாகச் சொன்னால் சில சமயம் நேர் எதிராகப் புரிந்துகொண்டு போய்விடுவார்.

ஒரு ஹோம்ஸ்டே அக்காவுக்கு அப்படித்தான் நடந்தது. ஜனவரிக் குளிர். வெளிநாட்டிலிருந்து வந்த விருந்தினர் ஒருவர் ராத்திரி வந்து, குளிக்கச் சுடுதண்ணீர் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். விறகு பாய்லரில் ஒரு ஆள் தாராளமாகக் குளிக்கிற அளவுக்குத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அக்கா, "லிட்டில் ஹாட் வாட்டர் இஸ் தேர், சார்" என்று சொல்லியிருக்கிறார். அவர், "ஓ, பரவாயில்லை" என்று சிரித்துவிட்டு, முகம் மட்டும் கழுவிக்கொண்டு படுத்துவிட்டார். பாய்லர் ராத்திரி முழுக்க ஆறிப்போனது. மறுநாள் வகுப்பில் அக்கா கேட்டார்:

"நான் இருக்குன்னுதானே சொன்னேன் டீச்சர்? அவர் ஏன் குளிக்கல?"

"நீங்க இருக்குன்னு சொன்னீங்க அக்கா. அவர் காதுல 'பேருக்குத்தான் இருக்கு'ன்னு விழுந்திருக்கு."

முன்னால் ஒரு 'எ' விட்டுப்போனதுதான் காரணம். 'எ லிட்டில் ஹாட் வாட்டர்' என்றால் கொஞ்சம் இருக்கிறது, குளிக்கலாம் என்று பொருள். 'எ' இல்லாமல் வெறும் 'லிட்டில்' என்றால், இருப்பது இல்லாததற்குச் சமம் என்று பொருள். எண்ணக்கூடிய பொருள்களிலும் இதே கதைதான். 'எ ஃபியூ ரூம்ஸ்' என்றால் சில அறைகள் இருக்கின்றன, வாருங்கள். 'ஃபியூ ரூம்ஸ்' என்றால் கிட்டத்தட்ட எல்லாம் போய்விட்டன. நாம் தமிழில் இந்த வித்தியாசத்தைக் குரலிலேயே காட்டிவிடுகிறோம். "கொஞ்சம் இருக்கு" என்று நிமிர்ந்து சொல்வதும், "ஏதோ கொஞ்சம் இருக்கு" என்று இழுத்துச் சொல்வதும் வேறு வேறு. ஆங்கிலத்தில் அந்த வேலையை 'எ' என்கிற ஓரெழுத்து செய்கிறது. வேகமாகப் பேசும்போது முதலில் விழுங்கப்படுவதும் அதுதான்.

அதனால் என் வகுப்பில் ஒரு கண்டிப்பான விதி வைத்திருக்கிறேன். வெறும் 'லிட்டில்', வெறும் 'ஃபியூ' இரண்டையும் பேச்சில் தொடவே வேண்டாம். குறைவாக இருக்கிறது என்று சொல்ல வேண்டுமானால் 'நாட் மச்', 'நாட் மெனி' என்று சொல்லுங்கள். 'தேர் இஸ்ன்ட் மச் ஹாட் வாட்டர்' என்றால் யாருக்கும் சந்தேகம் வராது. ஆங்கிலம் பேசி வளர்ந்தவர்களே பேச்சில் பெரும்பாலும் அப்படித்தான் சொல்கிறார்கள். வெறும் 'லிட்டில்' எழுத்து நடையில் புழங்குகிற சொல். படிக்கும்போது புரிந்தால் போதும். இருக்கிறது என்று நிச்சயமாகச் சொல்ல 'சம்' அல்லது 'இனஃப்' போடுங்கள். 'தேர் இஸ் இனஃப் ஹாட் வாட்டர் ஃபார் யூ' என்று சொன்னால் விருந்தினர் துண்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

இந்தத் தடுமாற்றம் எங்கிருந்து வருகிறது என்று யோசித்துப் பார்த்தால், நம் தமிழிலிருந்து வரவில்லை. சொல்-பொருள் மனப்பாடத்திலிருந்து வருகிறது. மச் என்றால் நிறைய, மெனி என்றாலும் நிறைய. லிட்டில் என்றால் கொஞ்சம், ஃபியூ என்றாலும் கொஞ்சம். இப்படி உருப்போட்டால் எதை எங்கே போடுவது என்று எப்படித் தெரியும்? 'நிறைய', 'கொஞ்சம்' இரண்டும் தமிழில் எதற்கு முன்னாலும் நிற்கும். நிறைய தண்ணீர், நிறைய வண்டி. அதனால் அவற்றைப் பிடித்துக்கொண்டால் ஆங்கிலத்தில் வழி தெரியாது.

ஆனால் நம்மிடம் இன்னொரு ஜோடி இருக்கிறது: எத்தனை, எவ்வளவு. மூன்று வயதுக் குழந்தைகூட "எத்தனை தண்ணி வேணும்" என்று கேட்காது. எண்ணுவதற்கு எத்தனை, அளப்பதற்கு எவ்வளவு. இதுதான் ஹவ் மெனி, ஹவ் மச். அதே மாதிரி 'சில', 'பல' எண்ணக்கூடியவற்றோடுதான் வரும். 'பல தண்ணீர்' என்று யாரும் சொல்வதில்லை. மெனிக்குப் 'பல', எ ஃபியூவுக்குச் 'சில' என்று சொல்லிக்கொடுத்திருந்தால் பாதித் தொல்லை பள்ளியிலேயே தீர்ந்திருக்கும். இப்போது வகுப்பில் யாராவது 'மெனி ரெயின்' என்று ஆரம்பித்தால், "தமிழ்ல கேளுங்க, எத்தனை மழையா, எவ்வளவு மழையா?" என்பேன். அவரே மச் என்று திருத்திக்கொள்வார்.

இதைப் பழக்க நான் கண்ட நல்ல வழி, ஒரே பொருளைப் பற்றி இரண்டு கேள்வி கேட்கவைப்பது. ஒன்று எத்தனையில், ஒன்று எவ்வளவில். எடை போடும் இடத்தில் வேலை செய்கிற தம்பிதான் இதற்கு வழி காட்டினார். தினமும் அவர் வாயில் வருகிற கேள்விகளே அவைதான். "எத்தனை மூட்டை? எவ்வளவு இலை?" ஆங்கிலத்தில்: 'ஹவ் மெனி பேக்ஸ்? ஹவ் மச் லீஃப்?'

'லீஃப்' என்கிற இந்தச் சொல்லை எங்கள் ஊர்க்காரர்கள் நின்று கவனிக்க வேண்டும். செடியில் இருக்கும்போது இலையை எண்ணலாம். இரண்டு இலை ஒரு மொட்டு என்று கிள்ளச் சொல்கிறோம், 'டூ லீவ்ஸ் அண்ட் எ பட்'. அதே இலை பறித்துச் சாக்கில் விழுந்ததும் ஆங்கிலத்தில் எண்ணிக்கையை இழந்துவிடுகிறது. தேயிலை வியாபாரத்தில் 'க்ரீன் லீஃப்' என்றுதான் எழுதுவார்கள், 'க்ரீன் லீவ்ஸ்' என்று பொதுவாக எழுத மாட்டார்கள். 'ஃபார்ட்டி கிலோஸ் ஆஃப் லீஃப்'. தேயிலை வாரியம் மாதந்தோறும் அறிவிக்கும் பசுந்தேயிலை விலையும் 'க்ரீன் லீஃப்' விலைதான். ஒரு கிலோ தேயிலைத்தூள் செய்ய நாலு கிலோவுக்கு மேல் பச்சை இலை வேண்டும். இதை ஆங்கிலத்தில் சொல்லுங்கள் என்றால், 'மோர் தேன் ஃபோர் கிலோஸ் ஆஃப் லீஃப்' என்று தம்பி சட்டென்று சொல்லிவிட்டார். கிலோவுக்கு 'ஸ்' உண்டு, லீஃபுக்குக் கிடையாது. எண்ணப்படுவது கிலோ, அளக்கப்படுவது இலை. இந்த ஒரு வாக்கியம் நன்றாகப் படிந்துவிட்டால், 'எ பாட்டில் ஆஃப் ஹனி', 'டூ லிட்டர்ஸ் ஆஃப் மில்க்', 'த்ரீ கப்ஸ் ஆஃப் டீ' எல்லாம் தானாக வந்துவிடும்.

நடுவில் அந்த 'ஆஃப்' மட்டும் விட்டுப்போகக் கூடாது. நாம் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு குடம் தண்ணீர், ஒரு கைப்பிடி அரிசி என்று ஒட்டாமல் சொல்லிப் பழகியவர்கள். அதனால் 'ஒன் கப் டீ', 'ஒன் கிலோ ஷுகர்' என்று வந்துவிடுகிறது. கேட்கிறவருக்குப் புரியும்தான். ஆனால் ஹோட்டல் வேலைக்கு நேர்முகத் தேர்வு என்று போகிறவர்கள் இதைக் கட்டாயம் திருத்திக்கொள்ள வேண்டும்.

சரி, எத்தனை-எவ்வளவு சோதனை எல்லா இடத்திலும் கைகொடுக்குமா என்றால், கொடுக்காது. தண்ணீர், பால், மழை, பணம், நேரம் வரைக்கும் பிரச்சினை இல்லை. 'எவ்வளவு நேரம்' என்றால் 'ஹவ் மச் டைம்', 'எத்தனை தடவை' என்றால் 'ஹவ் மெனி டைம்ஸ்' என்று அழகாகப் பொருந்தும். ஆனால் தமிழ் எண்ணுகிற சில பொருள்களை ஆங்கிலம் எண்ணாது. தகவல்கள் என்கிறோம், அறிவுரைகள் என்கிறோம், செய்திகள், வீட்டுப்பாடங்கள், வேலைகள், நகைகள், கருவிகள் என்கிறோம். இதே பழக்கத்தில் 'இன்ஃபர்மேஷன்ஸ்', 'அட்வைசஸ்', 'ஹோம்வொர்க்ஸ்', 'ஜுவல்லரீஸ்', 'எக்விப்மென்ட்ஸ்' என்று வருகிறது. தமிழ் ஆங்கிலத்தில் கேட்கிற பிழைகளில் பெரும்பங்கு இதுதான் என்பது என் கணிப்பு. இங்கே விதி சொல்லி ஒப்பேற்ற முடியாது. அந்தச் சொற்களை ஒவ்வொன்றாகப் பழகத்தான் வேண்டும்.

பழகுவதற்கு ஒரு பிடி உண்டு. இவற்றில் நிறைய சொற்கள் மொத்தப் பெயர்கள். ஒவ்வொரு மொத்தப் பெயருக்குக் கீழேயும் எண்ணக்கூடிய உருப்படிகள் இருக்கும். லக்கேஜ் மொத்தம், பேக், சூட்கேஸ் உருப்படி. ஃபர்னிச்சர் மொத்தம், சேர், டேபிள், கட்டில் உருப்படி. டிராஃபிக் மொத்தம், கார், பஸ் உருப்படி. பணம் என்கிற 'மணி' மொத்தம், ரூபாயும் நோட்டும் உருப்படி. வொர்க் மொத்தம், ஜாப் உருப்படி. அட்வைஸ் மொத்தம், சஜஷன் உருப்படி. துணி தேய்க்கக் கொடுத்தால், "எத்தனை உருப்படி?" என்று கேட்பார்கள் இல்லையா, அந்த 'உருப்படி'தான் ஆங்கிலத்தில் 'பீஸ்'. 'எ பீஸ் ஆஃப் லக்கேஜ்', 'எ பீஸ் ஆஃப் ஃபர்னிச்சர்', 'எ பீஸ் ஆஃப் அட்வைஸ்', 'எ பீஸ் ஆஃப் இன்ஃபர்மேஷன்'. ஒன்றே ஒன்றைத்தான் சொல்ல வேண்டும் என்றால் இப்படிச் சொல்லலாம்.

டிரைவர் அண்ணன்களுக்கு நான் அதிகம் சொல்வது லக்கேஜைப் பற்றி. மேட்டுப்பாளையத்திலிருந்தோ கோயம்புத்தூர் விமான நிலையத்திலிருந்தோ ஆள் ஏற்றப் போகும்போது போனில் முதலில் கேட்கிற கேள்வி, 'ஹவ் மெனி லக்கேஜஸ், சார்?' இலக்கணப்படி 'ஹவ் மச் லக்கேஜ் டு யூ ஹாவ்?' என்று கேட்க வேண்டும். ஆனால் நான் அதைவிட, 'ஹவ் மெனி பேக்ஸ் டு யூ ஹாவ்?' என்றே கேட்கச் சொல்கிறேன். ஹவ் மச் என்று கேட்டால், 'நாட் மச்' என்று பதில் வரும். அதை வைத்து டிக்கி போதுமா, மேலே கேரியர் கட்ட வேண்டுமா என்று எப்படித் தீர்மானிப்பது? பேக் என்று கேட்டால் எண் வரும். இலக்கணம் சரியாக இருப்பதோடு வேலையும் நடக்க வேண்டும். மொத்தப் பெயரை நேராகச் சமாளிக்க முடியாவிட்டால், கீழே உள்ள உருப்படியைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்பது என் யோசனை.

'எவ்ரி', 'ஈச்', 'செவரல்' மூன்றும் எண்ண முடியாதவற்றோடு சேரவே சேராது. 'எவ்ரி லக்கேஜ்' தவறு. 'ஆல் த லக்கேஜ்' அல்லது 'எவ்ரி பேக்'. எண்ண முடியாத பொருள் ஒருமையாகவே நிற்கும் என்பதால் வினைச்சொல்லும் ஒருமைதான். 'த லக்கேஜ் இஸ் இன் த கார்'. 'நியூஸ்' என்பதன் கடைசியில் 'ஸ்' இருந்தாலும் 'த நியூஸ் இஸ் குட்' என்றுதான் வரும்.

2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதற்குப் பிறகு ஹோம்ஸ்டேக்கு வருகிற போன்களில் இந்தப் பேச்சு அடிக்கடி அடிபடுகிறது. 'குட் யூ கிவ் மீ சம் இன்ஃபர்மேஷன் அபௌட் தி இ-பாஸ்?' என்று கேட்பார்கள். 'ஐ வில் சென்ட் யூ ஆல் தி இன்ஃபர்மேஷன்' என்று பதில் சொல்லுங்கள் என்று வகுப்பில் எல்லோரையும் வாய்விட்டுச் சொல்லவைத்தேன். 'ஆல் தி இன்ஃபர்மேஷன்ஸ்' என்று வந்துவிட்டால் அந்த இடத்திலேயே நிறுத்தி மறுபடி சொல்லவைப்பேன். வாய்க்குப் பழகினால்தான் காதுக்குத் தவறு உறுத்தும். எழுதிப் பார்ப்பதால் மட்டும் இது வராது.

சாக்லேட் கடைப் பெண்களுக்கு வேறு விதமான நுணுக்கம் தேவைப்படுகிறது. ஊட்டி, குன்னூர், கோத்தகிரி முழுக்க ஹோம்மேட் சாக்லேட் கடைகள். பெரிய பாளமாக இருப்பதை உடைத்து எடை போட்டுக் கொடுப்பார்கள். தனித்தனித் துண்டாகக் காகிதம் சுற்றியும் வைத்திருப்பார்கள். பாளத்தை நிறுத்து வாங்குகிறவரிடம் 'ஹவ் மச் சாக்லேட் வுட் யூ லைக்?' என்று கேட்க வேண்டும். பதில் 250 கிராம், அரைக் கிலோ என்று வரும். சுற்றி வைத்த துண்டுகளுக்கு 'ஹவ் மெனி சாக்லேட்ஸ் வுட் யூ லைக்?'. ஒரே தட்டின் இந்தப் பக்கம் எண்ண முடியாதது, அந்தப் பக்கம் எண்ணக்கூடியது. இதையும் கவனியுங்கள்: வாங்க வந்தவர் 'ஹவ் மச் இஸ் திஸ்?' என்றால் விலை கேட்கிறார். புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண் 'ஒன் கிலோ' என்று பதில் சொல்லி நின்றிருக்கிறாள். ஹவ் மச்சுக்குப் பிறகு உடனே இஸ் வந்தால் விலை. பொருளின் பெயர் வந்தால் அளவு.

டீயும் அப்படித்தான். 'டூ கப்ஸ் ஆஃப் டீ' என்பது முழு வடிவம். கடையில் ஆர்டர் சொல்லும்போது 'டூ டீஸ், ப்ளீஸ்' என்பது முற்றிலும் சரி. அதைத் தவறு என்று திருத்துகிற வாத்தியார்கள் இருக்கிறார்கள். திருத்த வேண்டியதில்லை. தேயிலை வகைகளைப் பேசும்போது 'நீலகிரி டீஸ்' என்று பன்மையில் எழுதுவதும் வியாபாரத்தில் வழக்கம்தான். காப்பிக்கும் இது பொருந்தும். 'டூ ஷுகர்ஸ்' என்றால் இரண்டு ஸ்பூன் சர்க்கரை.

சமையல் பொருள்களில் அரிசிக்கும் பீன்ஸுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறோம். அரிசியும் சின்ன மணிதான், பட்டாணியும் சின்ன மணிதான். ஆனால் 'ரைஸ்' எண்ண முடியாதது, 'பீஸ்' என்கிற பட்டாணியும் 'பீன்ஸ்' என்கிற அவரையும் எண்ணக்கூடியவை. காரணம் தேடிப் பயனில்லை, வழக்கம் அப்படி. 'டூ மச் ரைஸ்', 'டூ மெனி பீன்ஸ்'. கேரட், உருளைக்கிழங்கு எண்ணக்கூடியவை. எங்கள் மலையில் விளைகிற பூண்டு ஆங்கிலத்தில் எண்ண முடியாதது. 'கார்லிக்ஸ்' கிடையாது. ஒரு பல் என்றால் 'எ க்ளோவ் ஆஃப் கார்லிக்', முழுப் பூண்டு என்றால் 'எ பல்ப் ஆஃப் கார்லிக்'. சமையல் சொல்லிக்கொடுக்கிற ஹோம்ஸ்டே அக்காக்கள் இந்த இரண்டையும் ஆசையாகக் கற்றுக்கொண்டார்கள். வெளியூர்க்காரர்கள் ரசத்துக்கு எவ்வளவு பூண்டு போட வேண்டும் என்று கட்டாயம் கேட்கிறார்களாம்.

மச் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். 'எவ்வளவு' வந்தால் மச் என்று கற்றுக்கொண்டவர்கள் அடுத்து செய்கிற தவறு, எல்லா வாக்கியத்திலும் மச்சைப் போடுவது. 'தேர் இஸ் மச் மிஸ்ட் டுடே'. இலக்கணத்தில் ஓட்டை சொல்ல முடியாது, ஆனால் யாரும் அப்படிப் பேசுவதில்லை. கேள்வியிலும் மறுப்பிலும்தான் மச் இயல்பாக இருக்கும். 'இஸ் தேர் மச் டிராஃபிக்?', 'தேர் இஸ்ன்ட் மச் டிராஃபிக்'. ஆமாம் என்று சொல்லும் வாக்கியத்தில் 'எ லாட் ஆஃப்' போடுங்கள். 'தேர் இஸ் எ லாட் ஆஃப் மிஸ்ட் டுடே'. டூ மச், ஸோ மச் என்று சேர்ந்து வந்தால் எந்த வாக்கியத்திலும் வரலாம். டூ மச் என்றால் வேண்டியதற்கு மேல், உபத்திரவமாக, என்று பொருள். கோடநாடு காட்சிமுனைக்குப் போய் மேகம் மூடியிருந்தால், 'டூ மச் மிஸ்ட், வீ கான்ட் சீ த வேலி' என்று சொல்வது மிகச் சரி. சாப்பாடு பிரமாதம் என்று பாராட்ட டூ மச் போடக் கூடாது.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் மச், மெனியிலேயே தொடங்குவதில்லை. எண்ணக்கூடியது, முடியாதது இரண்டுக்கும் பொதுவான சொற்களை முதலில் கொடுத்துவிடுகிறேன்: சம், எனி, எ லாட் ஆஃப், ப்ளென்டி ஆஃப், இனஃப், மோர், ஆல், நோ. இவற்றை மட்டும் வைத்துக்கொண்டே ஒரு ஆள் சீசன் முழுக்க வண்டி ஓட்டிவிடலாம். பாடப்புத்தகங்கள் வித்தியாசமான சொற்களை முதலில் கொடுத்துப் பயமுறுத்துகின்றன. பொதுச் சொற்களில் வாய் பழகிய பிறகு மச், மெனிக்குப் போனால் தயக்கம் இருக்காது. ஒரே எச்சரிக்கை, எ லாட் ஆஃப் போட்டுவிட்டதால் பெயர்ச்சொல் தானாகச் சரியாகிவிடாது. 'எ லாட் ஆஃப் லக்கேஜஸ்' அப்போதும் தவறுதான்.

மழையைப் பற்றிப் பேசும்போதும் கவனம் வேண்டும். கூடலூர், பந்தலூர்ப் பக்கம் ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை கொட்டித் தீர்க்கும். கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் அக்டோபருக்குப் பிறகு வடகிழக்கு மழைதான் பெரிது. எந்த மாதம் வரலாம் என்று விருந்தினர் கேட்டால், 'வீ கெட் எ லாட் ஆஃப் ரெயின் இன் நவம்பர்' என்று சொல்லலாம். 'தேர் இஸ் லெஸ் ரெயின் இன் பிப்ரவரி' என்றும் சொல்லலாம். குறைவு என்று சொல்ல மழைக்கு லெஸ், மழை நாள்களுக்கு ஃபியூவர்: 'லெஸ் ரெயின்', 'ஃபியூவர் ரெய்னி டேஸ்'. தூரம், பணம், நேரம், எடை இவற்றை எண்ணால் சொன்னாலும் ஒரே அளவாகத்தான் ஆங்கிலம் பார்க்கும், அதனால் அங்கே லெஸ்தான். கோத்தகிரியிலிருந்து குன்னூர் 20 கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. 'லெஸ் தேன் 30 கிலோமீட்டர்ஸ்' என்று சொல்லலாம், ஃபியூவர் வேண்டாம். '500 ருபீஸ் இஸ் இனஃப்' என்பதிலும் ஆர் வராது, இஸ்தான்.

மலையேறும் வழிகளில் வைத்திருக்கும் அறிவிப்புப் பலகைகளையும் நான் பாடமாக எடுத்துக்கொள்வதுண்டு. குஞ்சப்பனை சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்தி, தடை செய்யப்பட்ட ப்ளாஸ்டிக் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். டிரைவர்தான் வண்டியில் இருப்பவர்களுக்கு முன்கூட்டியே எடுத்துச் சொல்ல வேண்டும். 'டு யூ ஹாவ் எனி ப்ளாஸ்டிக்?' என்று மொத்தமாகக் கேட்கலாம். 'ஹவ் மெனி ப்ளாஸ்டிக் பாட்டில்ஸ்?' என்று உருப்படியாகவும் கேட்கலாம். குப்பையைக் குறிக்கிற 'வேஸ்ட்', 'கார்பேஜ்', 'லிட்டர்' (பால் அளக்கிற லிட்டர் இல்லை) மூன்றும் எண்ண முடியாதவை. 'டோன்ட் த்ரோ வேஸ்ட்ஸ்' என்று சாலையோரம் எழுதி வைத்திருப்பதைப் பார்த்தால், அந்தக் கடைசி 'ஸ்' வேண்டாம் என்று அடையாளம் கண்டுகொள்ள முடிகிறதா என்று கேட்பேன். இப்போது வண்டியில் போகும்போதே படம் எடுத்து வகுப்புக் குழுவில் போட்டுவிடுகிறார்கள்.

கடைசியாகச் சொல்ல வேண்டியது, பொருளுக்கேற்பப் பக்கம் மாறுகிற சொற்கள். 'ஹேர்' என்றால் தலைமுடி மொத்தம், எண்ண முடியாதது. சாம்பாரில் கிடந்த ஒற்றை முடி 'எ ஹேர்'. 'பேப்பர்' என்றால் காகிதம், 'எ பேப்பர்' என்றால் செய்தித்தாள். 'எ ரூம்' என்றால் அறை. வண்டியில் இடம் இருக்கிறது என்பதற்கு 'தேர் இஸ் ரூம்', எண்ண முடியாதது. 'வொர்க்' என்றால் வேலை, 'ஐ ஹாவ் மெனி வொர்க்ஸ்' என்று சொல்லக் கூடாது, 'எ லாட் ஆஃப் வொர்க்' என்று சொல்ல வேண்டும். 'எக்ஸ்பீரியன்ஸ்' எண்ண முடியாதபோது தொழில் அனுபவம், 'எக்ஸ்பீரியன்சஸ்' என்றால் வாழ்க்கையில் நேர்ந்த சம்பவங்கள். எடை போடும் தம்பி ஒரு தொழிற்சாலை வேலைக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டு வந்தார். அதில் 'ஐ ஹாவ் மெனி எக்ஸ்பீரியன்சஸ் இன் டீ லீவ்ஸ்' என்றிருந்தது. "தம்பி, உங்களுக்கு அனுபவம் எத்தனையா, எவ்வளவா?" என்று கேட்டேன். "எவ்வளவுதான் டீச்சர்" என்றார். "இலை செடியில இருக்கா, சாக்குல இருக்கா?" என்றேன். அவரே பேனாவை எடுத்து அடித்துவிட்டு எழுதினார்: 'ஐ ஹாவ் எ லாட் ஆஃப் எக்ஸ்பீரியன்ஸ் வித் க்ரீன் லீஃப்'. கீழே இன்னொரு வரியும் சேர்க்கச் சொன்னேன், எத்தனை வருடம், ஒரு நாளைக்கு எத்தனை கிலோ என்று. வேலை கொடுக்கிறவர் முதலில் பார்க்கப்போவது அந்த எண்களைத்தான்.